‘அதனால்’ என்று கோக்கும் மனம்

திரையில் ஒரு பெரிய முக்கோணமும் ஒரு சிறிய முக்கோணமும் ஒரு வட்டமும் நகர்கின்றன. நடுவே, கதவுபோல் திறந்து மூடும் பக்கத்தோடு ஒரு செவ்வகம் இருக்கிறது. உளவியல் ஆய்வாளர்களான ஃப்ரிட்ஸ் ஹைடரும் மேரியான் சிம்மலும் 1944இல் வெளியிட்ட ஆய்வுக்காக உருவாக்கிய இந்தச் சிறு படத்தைப் பார்த்த முதல் குழுவின் 34 பேரில், வடிவங்களின் அசைவாக மட்டும் அதை விவரித்தவர் ஒரே ஒருவர். ஏனையோருக்கு அவை உயிருள்ளவையாகத் தெரிந்தன: ஒன்று துரத்தியது, ஒன்று அஞ்சி ஒளிந்தது. முகமோ குரலோ இல்லாத கோடுகளுக்கு அச்சத்தையும் நோக்கத்தையும் கொடுத்தவர்கள் பார்வையாளர்களே; அதுவும், கொடுக்கிறோம் என்பதை அறியாமலே.

அடுத்தடுத்து நடப்பவற்றை ‘அதனால்’ என்று கோப்பதே கதையின் அடிப்படை வேலை. விளக்கு, ஏணி, கடிதம், மழை என்ற சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்தால் விரைவில் உதிர்ந்துவிடும். இருட்டாக இருந்ததால் விளக்கை ஏற்றி, ஏணியில் ஏறி, அலமாரியின் உச்சியில் கடிதத்தைத் தேடியவள், கூரை வழியே இறங்கிய மழையில் அது ஊறிக் கிடந்ததைக் கண்டாள் என்று சொல்லிப் பார்த்தால், ஒரு சொல் அடுத்ததைத் தானே இழுத்து வருகிறது. கார்டன் பவரும் மைக்கேல் கிளார்க்கும் 1969இல் இதை அளந்து காட்டினார்கள். பத்துப் பத்துச் சொற்கள் கொண்ட 12 பட்டியல்களை ஒரு குழு கதையாகக் கோத்துப் படித்தது. மற்றொரு குழு அதே அளவு நேரம் வழக்கம்போல் படித்தது. ஒவ்வொரு பட்டியலையும் முடித்தவுடன் கேட்டபோது இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரேபோல் ஒப்பித்தார்கள். இறுதியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டபோதோ, கதையாகப் படித்தவர்களுக்கு 93 விழுக்காடு சொற்கள் நினைவில் நின்றன; மற்றவர்களுக்கு 13 விழுக்காடு மட்டுமே.

இதே ஆற்றல், உண்மை கைக்கு எட்டாத இடத்திலும் ஓய்வதில்லை என்பதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை வெட்டப்பட்ட ஒருவரை மைக்கேல் கசானிகாவும் ஜோசஃப் லெடூவும் ஆராய்ந்தனர். பேசும் திறன் கொண்ட இடப் பாதிக்குக் கோழிக்காலின் படமும், வலப் பாதிக்குப் பனி மூடிய காட்சியும் காட்டப்பட்டன. பொருத்தமான படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, இடப் பாதி இயக்கும் வலக்கை கோழியையும், வலப் பாதி இயக்கும் இடக்கை மண்வாரியையும் சுட்டின. மண்வாரி பனியை அள்ளுவதற்கு உரியது. ஆனால் பனியைக் கண்ட செய்தி பேசும் பாதிக்குப் போய்ச் சேரவே இல்லை. காரணம் கேட்டதும் அவர் தயங்காமல் விடை சொன்னார்: கோழிக்காலுக்குக் கோழி பொருந்தும், கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை; தம் கை செய்ததற்கு அதுதான் காரணம் என்றே அவர் நம்பினார்.