லெய்ஸ்ட்ரெக்கர்: பட்டியலின் தலைமை வேட்பாளர்

டச்சு மொழியில் 'லெய்ஸ்ட்' என்றால் பட்டியல். 'ட்ரெக்கன்' என்றால் இழுத்தல். இவ்விரண்டும் சேர்ந்து உருவான 'லெய்ஸ்ட்ரெக்கர்', நெதர்லாந்துத் தேர்தலில் ஒரு கட்சி அளிக்கும் வேட்பாளர் பட்டியலில் முதலிடம் பெற்றவரைக் குறிக்கும். மலைநடைக்கு நாம் வழங்கும் 'டிரெக்கிங்' என்பதும் இதே வினையடியிலிருந்து ஆப்பிரிக்கான்ஸ் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல்தான். பட்டியலின் கடைசியில் வெற்றியை எதிர்பாராமல் நிற்கும் பிரபலரை 'லெய்ஸ்ட்டூவர்', அதாவது தள்ளுபவர், என்பார்கள்.

1917ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தத்தால் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வந்த பிறகு அங்கே தொகுதி உறுப்பினர் என்று எவரும் இல்லை. கீழவையின் 150 இடங்களும் நாடு முழுவதும் கட்சிகள் பெறும் வாக்குகளுக்கேற்பப் பகிரப்படுகின்றன. கட்சியின் பட்டியலிலுள்ள எந்தப் பெயரையும் வாக்காளர் தேர்ந்தெடுக்கலாம் என்றாலும் பெரும்பாலோர் முதற்பெயரையே குறிப்பதால், தேர்தல் களத்தில் கட்சியின் முகமாக அவரே விளங்குகிறார். விதிவிலக்கும் உண்டு: 2006இல் விவிடி என்ற வலதுசாரித் தாராளவாதக் கட்சியின் பட்டியலில் முதலிடத்தில் நின்ற மார்க் ருட்டே 5,53,200 வாக்குகள் பெற, இரண்டாமிடத்தில் நின்ற ரீட்டா வெர்டோங்க் 6,20,555 வாக்குகள் பெற்றார், ஆயினும் தலைமை ருட்டேயிடமே நீடித்தது.

இச்சொல்லைக் 'கட்சித் தலைவர்' என்று பெயர்ப்பது பிழை. கட்சியின் அமைப்பை நடத்தும் தலைவர் வேறொருவர். நாடாளுமன்றக் குழுவின் தலைவர் இன்னொரு பதவியாளர். தலைமை வேட்பாளரே வழக்கமாகக் கட்சியின் அரசியல் தலைவராகவும் இருப்பார். ஆனால் அமைச்சரானவர் நாடாளுமன்ற உறுப்பினராகத் தொடர முடியாது என்பதால், 2010இல் ருட்டே பிரதமரானதும் குழுத் தலைமை ஸ்டெஃப் பிளோக்கிடம் சென்றது. முதலிடம் பிரதமர் பதவிக்கு உறுதியும் அன்று: 2023இல் கேர்ட் வில்டர்ஸின் கட்சி 37 இடங்களுடன் முதலாவதாக வந்தபோதும், 2024இல் பிரதமரானவர் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத டிக் ஸ்கோஃப்.

'பட்டியல் இழுப்பவர்' என்ற நேர்ப்பெயர்ப்பு தமிழில் பொருள் தராது. 'பட்டியல் முதல்வர்' சுருக்கமாயிருந்தாலும் மாநில முதல்வரை நினைவூட்டிக் குழப்பும். 'பட்டியல் தலைமை வேட்பாளர்' என்பதே என் பரிந்துரை. சூழல் தெளிவாயிருந்தால் 'தலைமை வேட்பாளர்' போதும். லெய்ஸ்ட்டூவருக்கு ஒத்த வழக்கம் நம் தேர்தல்களில் இல்லாததால், அதனைக் 'கடைசி இடத்து ஆதரவு வேட்பாளர்' என்று விளக்கியே எழுத வேண்டியிருக்கிறது.