மூச்சுக்குழாய்ச் செல்லுக்குள் கொழுப்பு அமிலம்

மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள குறு இழைச் செல் ஒவ்வொன்றின் உச்சியிலும் ஏறக்குறைய 200 குறு இழைகள் உள்ளன. தூசியும் கிருமிகளும் ஒட்டிய சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளுவதற்காக அவை நொடிக்கு ஏறத்தாழ 10 முறை இடைவிடாது அசைகின்றன. ஒவ்வோர் அசைவுக்கும் டைனீன் என்னும் புரதம் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகளைச் செலவழிப்பதால், இழைகளுக்குச் சற்றுக் கீழேயே அவற்றை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கமாகக் குவிந்துள்ளன. அந்த ஏடிபி குளுக்கோஸிலிருந்தும் வருகிறது, கொழுப்பு அமிலத்திலிருந்தும் வருகிறது.

நீண்ட கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைத் தானாகக் கடக்க முடியாது. கோ-என்சைம் ஏ (கோ-ஏ) என்னும் துணை மூலக்கூறுடன் இணைந்து, பின்னர் கார்னிடைன் என்னும் சுமப்பான் மூலக்கூறுக்கு மாற்றப்பட்ட பிறகே அது உள்ளே செல்கிறது. இந்த மாற்றத்தைச் செய்யும் சிபிடி-1 என்னும் நொதிதான் வாயிற்காவலன்: செல் புதிதாகக் கொழுப்பு அமிலத்தைக் கட்டும்போது உருவாகும் மாலோனைல் கோ-ஏ இந்நொதியைத் தடுத்துவிடுவதால், கட்டுவதும் எரிப்பதும் ஒரே நேரத்தில் நடந்து வீணாவதில்லை. உள்ளே சென்ற சங்கிலி இரண்டிரண்டு கார்பன்களாக வெட்டப்படுகிறது. இதை 1904-இல் பிரான்ஸ் நூப், பென்சீன் வளையத்தை அடையாளமாகப் பொருத்திய கொழுப்பு அமிலங்களை நாய்களுக்குக் கொடுத்து, சிறுநீரில் வெளிவந்த எச்சங்களிலிருந்து ஊகித்தறிந்தார்.

16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலம் ஏழு வெட்டுச் சுற்றுகளில் எட்டு அசிட்டைல் கோ-ஏ (கோ-ஏ-யுடன் இணைந்த இரண்டு கார்பன் துண்டு) ஆகி, முழுமையாக எரிந்தால் நிகரமாக 106 ஏடிபி தருகிறது; குளுக்கோஸ் தருவது 30 முதல் 32 வரை. குளுக்கோஸில் ஆறு கார்பன்களே இருப்பதால் இந்த ஒப்பீடு சற்று நியாயமற்றது; கார்பனுக்குக் கார்பன் கணக்கிட்டால் வேறுபாடு வெகுவாகக் குறைகிறது. மேலும், ஒரு ஏடிபிக்குக் கொழுப்பு அமிலம் கூடுதலான ஆக்சிஜனைக் கேட்கிறது.

எல்லாக் கொழுப்பு அமிலமும் எரிந்துவிடுவதில்லை; ஒரு பகுதி செல்சவ்வைக் கட்டமைக்கும் கொழுப்புகளான பாஸ்போலிப்பிடுகளில் அமர்கிறது. அவற்றுள் 20 கார்பன் கொண்ட அராக்கிடோனிக் அமிலம் தனிக் கவனத்துக்குரியது. செல் தூண்டப்படும்போது பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்னும் நொதி அதைச் சவ்விலிருந்து விடுவிக்க, சைக்ளோ-ஆக்சிஜனேஸ் என்னும் நொதி வழியே உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் இ2 மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துகிறது. அதே அமிலம் வெள்ளணுக்களில் லிப்பாக்சிஜனேஸ் என்னும் நொதியின் வழியில் சென்றாலோ, தசையை இறுக்கும் லூக்கோட்ரையீன்கள் பிறக்கின்றன; இவற்றின் உற்பத்திக்குப் புரோஸ்டாகிளாண்டின் இ2 ஒரு கடிவாளமாகவும் இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின் ஒவ்வாததற்கு இதுவே அடிப்படை: ஆஸ்பிரின் முதல் வழியை அடைக்கிறது, கடிவாளம் தளர்கிறது, லூக்கோட்ரையீன்கள் பெருகி மூச்சுக்குழாய் சுருங்குகிறது.