பூமியானது பிறப்பிக்கக்கடவது: டெல்டா வயலில் நின்று ஆதியாகமம் வாசித்தல்

சம்பா அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் அறுப்பின் பண்டிகை வரும். பீடத்துக்கு முன்னால் நெற்கதிர்க் கட்டு, வாழைத்தார், பூசணி எல்லாம் குவிந்திருக்கும். சபைப் போதகரான ஐயர் ஜெபிக்கும்போது ‘ஏற்ற காலத்தில் மழை தந்த ஆண்டவரே’ என்பார். எல்லாரும் ஆமென் சொல்வோம். ஆராதனை முடிந்து வெளியே ஏலம் நடக்கும்போது, அதே ஆட்கள் மரத்தடியில் நின்று வங்கக் கடலில் இந்த வருஷம் எத்தனை காற்றழுத்தத் தாழ்வு வந்தது, பருவமழை ஏன் பிந்தியது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். மழையைக் கொடுத்தது ஆண்டவரா, வடகிழக்குப் பருவக்காற்றா என்று யாரும் யாரையும் மடக்கியதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எங்களுக்குத் தெரியும்.

பரிணாமம் என்று வந்தால் மட்டும் இந்தப் பழக்கம் எங்கேயோ போய்விடுகிறது. நான் பத்தாம் வகுப்பில் டார்வினைப் படித்த வருஷம், ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பெரியவர் என்னிடம், “தம்பி, ஒன்று வேதம், இல்லையென்றால் குரங்கு. இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்” என்றார். அன்புள்ள மனிதர்தான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால் நான் பல வருஷம் தூக்கம் கெட்டிருக்கிறேன். அதே வாக்கியத்தைக் கேட்டு வளரும் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பரிணாமம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். அதற்கு நம் வயலே போதும். புகையானை அறியாத விவசாயி இங்கே இல்லை. தண்டின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. பெருகிவிட்டால் பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்து போகும். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1973-ல் ஐ.ஆர்.26 என்ற ரகம் வந்தது. புகையானை எதிர்க்கும் மரபணு ஒன்று அதில் இருந்தது. பிலிப்பைன்ஸ் விவசாயிகள் நம்பி நட்டார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்குள் அந்தப் பயிரும் தீய்ந்தது.

என்ன நடந்தது? எந்தப் பூச்சியும் உட்கார்ந்து யோசித்து வழி கண்டுபிடிக்கவில்லை. கோடிக்கணக்கான புகையான்களில் ஒன்றுக்கொன்று சின்னச் சின்ன வித்தியாசம் எப்போதுமே உண்டு. மரபணு படியெடுக்கப்படும்போது விழும் பிழைகளால் வரும் வித்தியாசம் அது. அவற்றில் எங்கோ சிலவற்றுக்கு மட்டும் இந்தப் புதுப் பயிரின் சாற்றையும் குடித்துப் பிழைக்க முடிந்தது. பழைய ரகங்கள் நின்ற காலத்தில் அந்தத் திறனால் ஒரு லாபமும் இல்லை. ஊர் முழுக்க ஐ.ஆர்.26 நின்றபோது மற்றவை பட்டினியில் சாக, இவை மட்டும் முட்டையிட்டன. புகையானுக்கு ஒரு தலைமுறை என்பது ஏறக்குறைய ஒரு மாதம். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு வருஷம் தாராளம். வேறுபாடு, அது பிள்ளைகளுக்கு இறங்குவது, சூழல் சலித்து எடுப்பது: இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் இயற்கைத் தேர்வு என்கிறோம். இதில் நடுவில் உள்ளது, அதாவது குணம் எப்படி இறங்குகிறது என்பது, டார்வினுக்குப் பிடிபடவே இல்லை. அதைப் பட்டாணிச் செடி வளர்த்துக் கண்டுபிடித்து 1866-ல் அச்சில் கொடுத்த கிரெகர் மெண்டல் ஒரு கத்தோலிக்கத் துறவி.

சரி, ஆனாலும் அது புகையானாகத்தானே இருக்கிறது, வேறொன்றாக மாறவில்லையே என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குத் தரங்கம்பாடிவரை போய்வர வேண்டும். மிஷனரி சீகன்பால்க் 1706-ல் வந்திறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு, பழைய ஏற்பாட்டையும் ஆதியாகமத்திலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்கிய ஊர். அங்கே பின்னால் வந்த மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், பிரசங்கம் பண்ணிய நேரம் போக மீன்களைச் சேகரித்து பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் பிளாக்குக்கு அனுப்பினார். நாம் சந்தையில் வாங்கும் கத்தாளை வகைகளில் ஒரு பேரினத்துக்கு இன்றும் ஜானியஸ் என்று அவர் பெயர்தான். அதே ஊரில் டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப் 1791-ல் ஒரு மீன் பனைமரத்தில் ஏறுவதைக் கண்டதாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1797-ல் வெளியிட்டது. நம் பனையேறிக் கெண்டைதான் அது.

மழை நாளில் வாய்க்காலை விட்டு வெளியேறி, செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஊன்றி வரப்பைத் தாண்டிப் போகும் பனையேறியைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். செவுளுக்கு மேல் ஓர் அறை, அதற்குள் மடிப்பு மடிப்பாக ஓர் எலும்பு, அதன்மேல் ரத்தக் குழாய் நிறைந்த தோல். அதை வைத்துத்தான் காற்றைச் சுவாசிக்கிறது. மேலே வந்து காற்றைக் குடிக்க விடாமல் தடுத்தால் இந்த மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும். அந்த மடிப்பு எலும்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? எல்லா மீனுக்கும் இருக்கும் செவுள் வளைவின் ஒரு துண்டுதான் அகன்று மடிந்திருக்கிறது. புது உறுப்பு வானத்திலிருந்து விழவில்லை, பழைய உறுப்பு புது வேலைக்கு வந்திருக்கிறது. (நிலத்து விலங்குகள் பனையேறியிலிருந்து வந்தவை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வேறு மீன் கிளை, முப்பத்தேழு கோடி வருஷத்துக்கு முந்திய கதை.)

நம் உடம்பிலும் இப்படிப் பழைய தடங்கள் கிடக்கின்றன. வரப்பில் மேயும் ஆட்டுக்கு நெல்லிக்காயும் எலுமிச்சையும் வேண்டாம், வைட்டமின் சி-யை அதன் கல்லீரலே செய்துகொள்ளும். நம்மால் முடியாது. அதற்கான மரபணு நம்மிடம் இருக்கிறது, ஆனால் உடைந்து கிடக்கிறது. குரங்குகளிடமும் வாலில்லாக் குரங்குகளிடமும் அதே மரபணு உடைந்துதான் கிடக்கிறது. இன்னொன்று: மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் நமக்கு 46, சிம்பன்சிக்கு 48. எண்ணிக்கை இடிக்கிறதே என்று பார்த்தால், நம் இரண்டாவது குரோமோசோமின் நடுவில், வழக்கமாக நுனியில் மட்டுமே இருக்க வேண்டிய எழுத்துத் தொடர் வருகிறது. இரண்டு தனித்தனிக் குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிக்கொண்ட தழும்பு அது. இதைத் தற்செயல் ஒற்றுமை என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.

காலம் போதுமா என்று கேட்டால், கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே போனால் அரியலூர். அங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கடல் சிப்பி கிடைக்கிறது. பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரம் கல்லாகிக் கிடக்கிறது. கிரெட்டேசியஸ் காலத்தவை, குறைந்தது 6.6 கோடி வருஷம். பூமியின் வயது 454 கோடி.

இனி வேதத்துக்கு வருவோம். அதன் முதல் புத்தகத்தை நாங்கள் ஆதியாகமம் என்கிறோம், வேளாங்கண்ணிப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் தொடக்க நூல் என்கிறார்கள், புத்தகம் ஒன்றுதான். அதன் முதல் அதிகாரத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் 24 மணி நேரம், பூமிக்குச் சில ஆயிரம் வயது என்று நம்புகிறவர்கள் உண்டு. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-ல் வம்ச வரலாறுகளைக் கூட்டிப் பார்த்து, உலகம் கி.மு. 4004-ல் உண்டானது என்றார். மேலே சொன்ன கற்களோடும் தழும்புகளோடும் இது ஒத்துப்போக வழியே இல்லை. அடுத்து, ‘நாள்’ என்றால் ஒரு நீண்ட யுகம் என்று சொல்கிறவர்கள். எபிரேயச் சொல்லுக்கு அந்த இடம் உண்டுதான். இரண்டாம் அதிகாரத்தின் 4-ஆம் வசனத்தில் படைப்பு முழுவதுமே ‘உண்டாக்கின நாளில்’ என்று வருகிறது. ஆனால் வரிசை உதைக்கிறது. மூன்றாம் நாளில் கனிமரம், நாலாம் நாளில்தான் சூரியன். பறவை ஐந்தாம் நாள், தரைவிலங்கு ஆறாம் நாள். புதைபடிவங்களில் தரைவிலங்கு முந்தி, பறவை பிந்தி. யுகமாக இழுத்தாலும் பொருந்தவில்லை.

எனக்குப் பிடிபட்ட வாசிப்பு வேறு. வயல் தயாராவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் வரப்பு வெட்டுவோம், வாய்க்கால் பிரிப்போம், அப்புறம்தான் நாற்று இறங்கும். ஆதியாகமத்தின் முதல் மூன்று நாளும் வரப்பு வெட்டும் நாட்கள்: வெளிச்சத்தையும் இருளையும் பிரிக்கிறார், மேல் தண்ணீரையும் கீழ்த் தண்ணீரையும் பிரிக்கிறார், கடலையும் தரையையும் பிரிக்கிறார். அடுத்த மூன்றும் நடவு நாட்கள், அதே வரிசையில்: வெளிச்சத்துக்குச் சுடர்கள், வானத்துக்கும் நீருக்கும் பறவையும் மீனும், தரைக்கு விலங்கும் மனிதனும். ஒன்றுக்கு நாலு, இரண்டுக்கு ஐந்து, மூன்றுக்கு ஆறு. இப்படி அடுக்கிய ஒருவர் நாட்குறிப்பு எழுதவில்லை, பாட்டுப்போல் கட்டியிருக்கிறார் என்று வேத அறிஞர்கள் பலர் சொல்வதை நான் ஏற்கிறேன். சூரியன், சந்திரன் என்று பெயரே சொல்லாமல் ‘பெரிய சுடர்’, ‘சிறிய சுடர்’ என்கிறாரே, ஏன்? சுற்றியிருந்த நாடுகள் அவற்றைத் தெய்வமாகக் கும்பிட்டன. அவை விளக்குகள்தான், ஏற்றியவர் ஒருவர் இருக்கிறார் என்பதே அங்கே சொல்லவந்த சேதி.

விஞ்ஞானத்துக்குப் பயந்து கண்டுபிடித்த சமாளிப்பு என்று இதைச் சொல்ல முடியாது. சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாள் எப்படி என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே திருச்சபை அறிஞர் ஓரிகன் கேட்டிருக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் அகஸ்டின், கடவுள் எல்லாவற்றையும் விதைபோல வைத்தார், அவை தத்தம் காலத்தில் விரிந்தன என்று எழுதினார். இயற்கையைப் பற்றி வெளியார் நன்றாக அறிந்த விஷயத்தில் கிறிஸ்தவன் வேதத்தின் பெயரால் தப்பாகப் பேசினால், வேதத்தையே கேலிக்கு ஆளாக்குவான் என்றும் எச்சரித்தார்.

விதை என்றதும் எனக்கு நினைவு வருவது முதல் அதிகாரத்தின் 24-ஆம் வசனம்: ‘பூமியானது ஜாதிஜாதியான ஜீவஜந்துக்களாகிய நாட்டு மிருகங்களையும்… பிறப்பிக்கக்கடவது’. கட்டளை பூமிக்கு. முந்திய ஒரு வசனத்தில் தண்ணீருக்கு. கடவுள் ஒவ்வொன்றையும் கையால் பிடித்து வைத்தார் என்று அங்கே இல்லை. பிறப்பிக்கும் வல்லமையை மண்ணுக்கும் நீருக்கும் கொடுத்தார் என்றே நான் வாசிக்கிறேன். டார்வினின் நூல் வந்த 1859-லேயே ஆங்கிலிக்கன் குரு சார்லஸ் கிங்ஸ்லி ஏறக்குறைய இதையே அவருக்குக் கடிதத்தில் எழுதினார். தானாக வளரும் திறனோடு படைத்த கடவுள், இடையிடையே வந்து ஒட்டுப்போடும் கடவுளைவிடக் குறைந்தவர் அல்லர் என்பது அதன் சாரம். டார்வின் அதைத் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். கத்தோலிக்கத் திருச்சபையில் போப்பாண்டவர் 12-ஆம் பத்திநாதர் 1950-ல், மனித உடல் முன்பிருந்த உயிரிலிருந்து வந்திருக்கலாமா என்று ஆராயத் தடையில்லை, ஆன்மா கடவுள் நேரே தருவது என்றார். 1996-ல் போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். மனித மரபணுத் திட்டத்தை அமெரிக்காவில் முன்னின்று நடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் சுவிசேஷக் கிறிஸ்தவர்.

ஆதாம்தான் கடினமான இடம். இன்றைய மனிதரின் மரபணு வேறுபாடுகளைக் கணக்கிட்டால், நம் முன்னோர் கூட்டம் சமீபத்தில் எப்போதாவது இரண்டே பேராகச் சுருங்கியதாகத் தெரியவில்லை, ஆயிரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். ‘ஆதாமுக்குள் எல்லாரும் மரிக்கிறதுபோல, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள்’ என்கிறார் அப்போஸ்தலன் பவுல். ஆதாம் போனால் சிலுவையும் போய்விடுமோ என்று அந்த ஓய்வுநாள் பள்ளிப் பெரியவர் பயந்தார் என்பது எனக்கு இப்போது புரிகிறது. ஜோஷுவா சுவாமிதாஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் 2019-ல் ஒரு வழி காட்டினார். பெற்றோர் இரண்டு, பாட்டன் பாட்டி நாலு என்று பெருக்கிக்கொண்டே போனால் இருபதாவது தலைமுறையில் பத்து லட்சத்துக்கு மேல் வரும். இன்னும் பின்னே போனால் எல்லார் வம்சமும் பின்னிக்கொள்கிறது. எனவே சில ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு தம்பதி, அவர்களுக்கு வெளியே வேறு மனிதர்கள் இருந்திருந்தாலும், நம் அனைவருக்கும் முன்னோராக இருக்க முடியும் என்கிறார். கணக்கு சரிதான். ஆனால் எனக்கு அதைவிட நெருக்கமானது எபிரேயச் சொல்லே: ‘அதாமா’ என்றால் மண், ‘ஆதாம்’ மண்ணிலிருந்து வந்தவன். வண்டலில் பிழைக்கும் எங்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். அவனை ஒரு தனி ஆளாக மட்டும் பார்க்காமல், கடவுள் கூப்பிட்டபோது மரத்துக்குப் பின்னால் ஒளிந்த மனிதகுலம் முழுவதுமாக வாசிக்கிறேன். அப்படி வாசித்தாலும் பவுலின் வசனம் என்மேல் வந்து விழத்தான் செய்கிறது.

எனக்கு இன்னும் தீராதது வேறொன்று. மனிதன் வருவதற்குக் கோடி கோடி வருஷம் முன்பே சாவும் வலியும் இருந்திருக்கின்றன. இயற்கைத் தேர்வு என்பதே பெரும்பாலானவை சாவதால்தான் ஓடுகிறது. டார்வின் 1860-ல் தம் நண்பரும் விசுவாசியுமான தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், கம்பளிப்புழுவின் உயிருள்ள உடலுக்குள் தன் குஞ்சுகளை விட்டுத் தின்னவைக்கும் குளவியைக் காட்டி, அன்பான கடவுள் இதை வேண்டுமென்றே படைத்தார் என்று நம்ப முடியவில்லை என்றார். கிரே தம் விசுவாசத்தை விடவில்லை, டார்வினையும் விடவில்லை.

நம் வயலில் குருத்துப்பூச்சிக்கு மருந்தடிக்க வேண்டாம் என்று வேளாண்மைத் துறை சொல்லிக் கொடுக்கும் ட்ரைக்கோகிரம்மா அட்டையில் இருப்பதும் இப்படி வாழும் குளவிதான். குருத்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும், உள்ளிருந்து தின்று வெளியே வரும். கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி நெல் தோகையின் அடியில் ஸ்டேப்பிள் போடும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடிதம் நினைவுக்கு வரும், கூடவே ரோமர் எட்டாம் அதிகாரமும்: ‘சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது’. மரண வேதனை என்று எழுதாமல் பிரசவ வேதனை என்று பவுல் ஏன் எழுதினார் என்று யோசித்துக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போவேன்.