சிமெண்ட் பூசியே வீட்டைச் சாய்க்காதீர்கள்

இந்த மழைக்கும் புதுச்சேரியில் ஒரு வீடு போய்விட்டது. ஈஸ்வரன் கோயில் வீதிப் பக்கம், தெருத் தாழ்வாரத்தோடு இருந்த பழைய வீடு. ராத்திரியோடு ராத்திரியாகத் தாழ்வாரத் தளம் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, திண்ணையில் யாரும் படுத்திருக்கவில்லை. "போன வருஷம்தான் சார் முழுசா சிமெண்ட் பூசினோம், அப்படியும் விழுந்துடுச்சே" என்கிறார் வீட்டுக்காரர். அதனால்தான் விழுந்தது ஐயா.

பழைய கட்டடங்களைப் பார்க்கிற பொறியாளன் நான். புதுச்சேரியில் எந்த வீடு விழுந்தாலும் "வயசாயிடுச்சு, ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லிவிடுகிறார்கள். காரணம் வயசு இல்லை. 1761-ல் ஆங்கிலேயர் இந்த ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். 1763 பாரிஸ் ஒப்பந்தத்துக்கு அப்புறம் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. கோட்டை போனது போனதுதான். அந்தப் பக்கம்தான் இன்றைக்குப் பாரதி பூங்கா. ஆனால் தெருக்கள் பழைய கோட்டிலேயே மறுபடி எழுந்தன. ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உயர்ந்த மதிலும் தோட்டமுமாக பிரெஞ்சு வீடுகள். மேற்கே கீழ்த்தளத்தில் திண்ணை, தாழ்வாரம், முற்றம், மாடியில் மட்டும் பிரெஞ்சு வளைவு ஜன்னல் என்று நம்மவர்கள் கட்டிக்கொண்ட கலப்பு வீடுகள்; வைசியாள் வீதியில் இன்றும் பார்க்கலாம். இரண்டு பக்கமும் செங்கல்லைப் பிடித்து நிறுத்தியது சுண்ணாம்புதான். அந்தச் சுவர்கள் எத்தனையோ புயலைப் பார்த்தவை.

நம் ஊர் மண்ணில் ஈரம் அதிகம், காற்றில் உப்பு. அடியிலிருந்து ஓதம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு பூக்கும், கொஞ்சம் பொரிந்து உதிரும், நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒட்டுப்போட வேண்டும். அதுதான் அந்தப் பூச்சின் வேலை. நீங்கள் சிமெண்டைப் பூசியதும் ஓதம் நின்றுவிட்டதாக நினைக்கிறீர்கள். நிற்கவில்லை. வெளியேற வழி இல்லாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறுகிறது; முழங்கால் உயரத்தில் இருந்தது தோள் உயரத்துக்கு வருகிறது. உள்ளே செங்கல் மாவாகிறது. மேலே போய், உத்தரத்துக் கட்டை சுவருக்குள் நுழையும் முனையை நனைக்கிறது. பர்மா தேக்காகவே இருக்கட்டும், வருஷக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் என்ன ஆகும்? வெளியே பார்த்தால் புது பெயின்ட், மொழுமொழு சுவர். விழுந்த வீட்டின் கட்டை முனையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரை இறங்கியது.

"சிமெண்ட் ஸ்ட்ராங் இல்லையா சார்?" ஸ்ட்ராங்தான். மென்மையான செங்கல்லின் மேல் கடினமான பூச்சு எதற்கு? பிரியும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

ஊர் மாறியதிலும் இதற்குப் பங்கு உண்டு. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி போனது. பல வீடுகளின் பங்காளிகள் இன்று பாதி பேர் பிரான்சில், பாதி பேர் இங்கே. ரிப்பேருக்கு யார் பணம் போடுவது என்பதிலேயே பத்து மழை ஓடிவிடுகிறது. மீதி வீடுகள் விருந்தினர் விடுதி, காபிக் கடை. அறைக்கு ஒரு பாத்ரூம், மொட்டைமாடியில் வரிசையாக டேங்க். ஆயிரம் லிட்டர் டேங்க் என்றால் நிரம்பும்போது ஒரு டன் எடை. கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் தளம் அதற்காகப் போட்டதா? ஒழுகுகிறது என்று மாடியில் பதித்த பழைய தட்டோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு போடுகிறவர்களும் உண்டு. கேட்டால் மேஸ்திரி சொன்னாராம்.

கடற்கரையில் இருந்த மேரி கட்டடம் (பிரெஞ்சுக் காலத்து நகராட்சி மன்றம்) 2014 நவம்பர் மழையில் விழுந்தது. அரசுக் கட்டடம் என்பதால் மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். உங்கள் வீட்டுக்கு யார் வருவார்கள்?

சரி, செய்ய வேண்டியது. டேங்கைத் தளத்தின் நடுவில் வைக்காதீர்கள். முடிந்தால் கீழேயே தனி மேடை கட்டுங்கள். மொட்டைமாடியில் மழைத் தண்ணீர் வெளியேறும் தூம்புகளைப் புரட்டாசிக்குள் சுத்தம் செய்யுங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்தால் அன்றைக்கே பிடுங்குங்கள், பார்க்க அழகாக இருக்கிறது என்று விடாதீர்கள். ஏசித் தண்ணீர்க் குழாயைச் சுவரில் சொட்டவிடாதீர்கள். தெருவை உயர்த்தி உயர்த்திப் போட்டு வாசல் பள்ளமாகிவிட்டதா? முதலில் அந்தத் தண்ணீர் ஓட வழி பாருங்கள், பெயின்டை அப்புறம் பார்க்கலாம்.

ஏற்கெனவே சிமெண்ட் பூசிவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். ஓதம் உள்ள உயரம் வரை பொறுமையாகக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கச் சுவரைச் சும்மா காயவிடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். பிறகு சுண்ணாம்புப் பூச்சு. அதில் கலக்கக் கடுக்காய், வெல்லம், முட்டை எல்லாம் வேண்டுமா என்று கேட்கிறார்கள். நன்றாக ஊறிய சுண்ணாம்பும் உப்பில்லாத மணலும் அவசரப்படாத கொத்தனாரும் கிடைத்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

கட்டையைத் தட்டிப் பார்க்க சித்திரை, வைகாசியில் கூப்பிடுங்கள். ஐப்பசியில் போன் செய்தால் முட்டுக்கொடுத்துத் தார்ப்பாய் கட்டத்தான் என்னால் முடியும்.