பத்து ஹெச்பி கம்ப்ரஸர் எவ்வளவு காற்று தரும்?

ஆம்பூரில் ஷூவுக்கு சோல் ஒட்டும் சின்ன யூனிட் ஒன்று. உரிமையாளர் போனில் கேட்டார்: "சார், மதியத்துக்கு மேல பிரஷரே நிக்க மாட்டேங்குது. பத்து ஹெச்பி பத்தல. பதினஞ்சு போட்டுடலாமா?"

ராணிப்பேட்டை, வாணியம்பாடி, குடியாத்தம் என்று கம்ப்ரஸர் சர்வீஸுக்குப் போகிற இடமெல்லாம் பேச்சு இப்படி ஹெச்பியில்தான் ஆரம்பிக்கிறது. ஹெச்பி என்பது மோட்டாரின் பலம். கரண்டு பில் எவ்வளவு வரும் என்பதற்கு அது உதவும். காற்று எவ்வளவு வரும் என்பதை அது மட்டும் சொல்லாது.

போர்வெல் போட்டவர்களுக்கு இது உடனே புரியும். ஐந்து ஹெச்பி மோட்டார், தண்ணீர் 150 அடியில் இருந்தால் குழாய் நிறையக் கொட்டும். 800 அடிக்குப் போய்விட்டால் அதே ஐந்து ஹெச்பி விரல் தடிமனுக்குத்தான் தரும். கம்ப்ரஸரில் அந்த ஆழம்தான் பிரஷர். கொட்டுகிற தண்ணீர்தான் சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற கணக்கு. ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம். ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டியது, "ஏழு கிலோவில் எத்தனை சி.எஃப்.எம்.?"

'கிலோ' என்று பட்டறையில் சொல்வது, ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் அத்தனை கிலோ எடை அழுத்துவதை. பஞ்சர் கடையில் பி.எஸ்.ஐ. என்பார்கள், ஸ்க்ரூ கம்ப்ரஸரின் திரையில் பார் என்று இருக்கும். 7 கிலோ, 6.9 பார், 100 பி.எஸ்.ஐ. எல்லாம் ஏறக்குறைய ஒன்றே.

சரி, ஆம்பூருக்கு வருவோம். காற்றை இரண்டு தடவையாக நெருக்கும் இரண்டு ஸ்டேஜ் பிஸ்டன் மிஷின். பெயர்ப்பலகையில் 42 சி.எஃப்.எம். அது டிஸ்ப்ளேஸ்மென்ட், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போய்வருவதில் துடைக்கிற இடத்தின் அளவு. இழுத்த காற்று முழுவதும் வெளியே வந்துவிடாது. சிலிண்டர் தலையில் கொஞ்சம் தங்கும், வால்விலும் ரிங்கிலும் கொஞ்சம் கசியும், சூட்டில் கொஞ்சம் போகும். கடைசியில் நம் கைக்கு வருவதை, அது உள்ளே போகுமுன் வெளியில் எவ்வளவு இடம் அடைத்திருந்ததோ அந்த அளவில் சொன்னால், அதுதான் எஃப்.ஏ.டி. (ஃப்ரீ ஏர் டெலிவரி). பிஸ்டன் மிஷினில் டிஸ்ப்ளேஸ்மென்ட்டை விட இது இருபது, முப்பது சதவீதம் குறைவாக இருப்பது சாதாரணம். விற்கிறவர் பெரிய எண்ணைத்தான் முதலில் காட்டுவார். அவர் பிழைப்பு அது.

எஃப்.ஏ.டி.யை நாமே சுமாராகப் பார்த்துவிடலாம். அங்கே 500 லிட்டர் டேங்க். வெளியே போகும் வால்வை மூடி, டேங்கைக் காலி செய்து, மிஷினை ஓடவிட்டு செல்போனில் நேரம் பார்த்தேன். பூஜ்யத்திலிருந்து ஏழு கிலோ ஏற 3 நிமிடம் 40 நொடி. 500-ஐ ஏழால் பெருக்கினால் 3,500 லிட்டர்; வெளிக்காற்றின் அழுத்தமே ஒரு கிலோவுக்குச் சற்று மேல் என்பதால் 3,400 என்று வைத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 925 லிட்டர், அதாவது சுமார் 33 சி.எஃப்.எம். மிஷின் நன்றாகத்தான் இருந்தது. அவருடைய பிரஸ்களுக்கும் கன்களுக்கும் தேவை சுமார் 30.

அப்புறம் ஏன் பற்றவில்லை? மதிய உணவுக்கு எல்லோரும் போனதும் எல்லா மிஷினையும் நிறுத்தச் சொன்னேன். ஒருவரும் காற்றைத் தொடவில்லை. ஆனாலும் கம்ப்ரஸர் நான்கு நிமிடம் நிற்பதும் இரண்டு நிமிடம் ஓடுவதுமாக இருந்தது. ஆறு நிமிடத்தில் இரண்டு என்றால் மூன்றில் ஒரு பங்கு: 11 சி.எஃப்.எம். லீக்கிலேயே போகிறது! சத்தம் அடங்கிய ஷெட்டில் நடந்தால் காதே காட்டிக் கொடுக்கும். லீக் இருந்தது ஹோஸை மாட்டும் இரண்டு கப்ளரில், பிரஷரை அளவாக இறக்கித் தரும் ஒரு பழைய ரெகுலேட்டரில், பைப் லைனில் ஒரு த்ரெட் ஜாயின்ட்டில்.

இதற்கு முன்பு யாரோ மெக்கானிக் செய்து வைத்திருந்த வேலைதான் எனக்குக் கோபம் வரவைத்தது. பிரஷர் குறைகிறது என்று கட்-ஆஃபை, அதாவது மிஷின் தானே நிற்கிற பிரஷரை, ஒன்பது கிலோவுக்கு ஏற்றியிருக்கிறார். வேலை நேரத்தில் அது ஒன்பதைத் தொடவே தொடாது. ஓய்வே இல்லாமல் ஓடி ஹெட் கொதிக்கும். உணவு இடைவேளையில்தான் ஏறும். அப்போது சேஃப்டி வால்வு சீறும். சீறாமலிருக்க அதன் ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டிருந்தார். டேங்கில் அடித்திருக்கும் தகட்டில் ஒர்க்கிங் பிரஷர் என்று ஓர் எண் இருக்கும். கட்-ஆஃப் தவறினால் அதைத் தாண்டவிடாமல் காப்பது அந்த வால்வுதான். வேறு எதைத் தொடும் முன்பும் அதை மாற்றச் சொன்னேன். பழைய 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 31-வது பிரிவே பிரஷர் சம்பந்தப்பட்ட கருவிகளுக்காகத்தான் இருந்தது. பிரஷரை ஒரு கிலோ ஏற்றினால் கரண்டும் ஆறேழு சதவீதம் கூடும், லீக்கும் கூடும்.

டேங்க் அடியில் ட்ரெயின் வால்வைத் திறந்தேன். பால் கலந்த டீ நிறத்தில் எண்ணெயும் தண்ணீரும் கொட்டி நிற்கவே நேரம் ஆனது. காற்றில் இருக்கிற ஈரம், எட்டு மடங்கு நெருக்கி ஆறவிட்டால் தண்ணீராக இறங்கிவிடும். ஐப்பசி மழையில் 33 சி.எஃப்.எம். மிஷின் எட்டு மணி நேரம் ஓடினால் ஏழெட்டு லிட்டர் வரை இறங்கலாம். எந்தச் சூட்டுக்குக் கீழே போனால் ஈரம் தண்ணீராகிறதோ அதுதான் டியூ பாயின்ட். தோலுக்கு ஸ்ப்ரே ஃபினிஷிங் செய்யும் டேனரியில் இதைக் கவனிக்காவிட்டால் தோல் மேல் புள்ளி விழும்; அதனால்தான் டியூ பாயின்ட்டை 3 டிகிரி அளவுக்கு இறக்கும் டிரையர் வைக்கிறார்கள். சோல் ஒட்டுகிறவருக்கு அது அவ்வளவு அவசியமில்லை, காலையும் மாலையும் ட்ரெயின் திறந்தால் போதும்.

கப்ளர்களையும் ரெகுலேட்டரையும் மாற்றி, ஜாயின்ட்டுக்கு டேப் சுற்றி, கட்-ஆஃபை ஏழுக்கு இறக்கினோம். மறுநாள் மதியம் மூன்று மணிக்கு அவரே கேஜை போட்டோ எடுத்து அனுப்பினார். முள் ஆறரையில் நின்றது.