குறைமாதக் குழந்தையின் கண் பரிசோதனை: முப்பது நாள் கணக்கு

பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு விழித்திரை, அதாவது கண்ணின் பின்புறம் உள்ள, ஒளியை உணரும் மெல்லிய படலம், விலகுமா? அரிதாக விலகும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் விழித்திரையில் ஓட்டை விழுந்து, அதன் வழியே நீர் புகுந்து விலகும். குறைமாதக் குழந்தைக்கு நடப்பது வேறு. விழித்திரையின் ரத்த நாளங்கள் ஓரம் வரை வளர்ந்து முடிய ஏறக்குறைய ஒன்பது மாதமும் வேண்டும். முன்கூட்டியே பிறந்துவிட்டால் அந்த வளர்ச்சி பாதியில் நின்றுவிடும். பிறகு தாறுமாறாகப் புது நாளங்கள் முளைத்து, தழும்பாகிச் சுருங்கி, விழித்திரையையே இழுத்துப் பெயர்த்துவிடும். கட்டுப்பாடில்லாமல் கொடுக்கும் ஆக்சிஜன் இதை மோசமாக்கும். டாக்டர்கள் இதை ஆர்.ஓ.பி. (ரெட்டினோபதி ஆஃப் ப்ரீமெச்சூரிட்டி, அதாவது குறைமாதக் குழந்தையின் விழித்திரை நோய்) என்பார்கள். ஐந்து நிலைகளில் நான்காவதில் விழித்திரை ஒரு பகுதி விலகும், ஐந்தாவதில் முழுவதும்.

இந்த நோய் மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் இருக்கிறது. சுருக்கமாக ஆர்.பி.எஸ்.கே. 2013இல் தொடங்கிய இந்தத் திட்டம், பிறந்தது முதல் 18 வயது வரை 30 வகைக் குறைபாடுகளைத் தேடிக் கண்டுபிடித்து இலவசமாகச் சிகிச்சை தரச் சொல்கிறது. ஆர்.ஓ.பி. அந்தப் பட்டியலில் ஒன்பதாவது. பரிசோதனை மட்டுமல்ல, மேல்சிகிச்சையும் அறுவை சிகிச்சையும் இதில் அடக்கம்.

யாருக்குப் பார்க்க வேண்டும்? பிறந்தபோது எடை 2 கிலோவுக்குக் கீழ், அல்லது 34 வாரத்துக்கு முன் பிறப்பு. இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். 34 முதல் 36 வாரத்துக்குள் பிறந்து, ஆக்சிஜனில் இருந்திருந்தாலோ கிருமித்தொற்று வந்திருந்தாலோ அப்போதும் பார்க்க வேண்டும்.

எப்போது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் பரிசோதனை 30 நாளுக்குள் நடக்க வேண்டும். இந்த நாளைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணுங்கள், வீட்டுக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. 28 வாரத்துக்கு முன் பிறந்திருந்தாலோ, எடை 1,200 கிராமுக்குக் கீழ் இருந்தாலோ இரண்டு மூன்று வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். குழந்தை எடை கூடி, நன்றாகப் பால் குடித்து, சிரித்துக்கொண்டிருக்கும். கண்ணும் வெளியே பார்க்கப் பளிச்சென்றுதான் இருக்கும். கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதனால் 'நல்லாத்தானே இருக்கு' என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பரிசோதனை சில நிமிட வேலை. சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாவையை விரியவைத்து, டாக்டர் தலையில் மாட்டிய விளக்குக் கருவியால் பார்ப்பார். குழந்தை அழும், அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். ஒரு தடவையோடு முடிவதும் இல்லை. நாளங்கள் ஓரம் வரை வளரும்வரை, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறைகூட வரச் சொல்வார்கள்.

நோய் முற்றுவதுபோல் தெரிந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் வைப்பார்கள், அல்லது கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலான குழந்தைகளின் பார்வை தப்பிவிடும். நான்காம் நிலை என்றால் அறுவை சிகிச்சைதான். ஐந்தாம் நிலையில் அறுவை செய்தாலும் பெரிதாகப் பார்வை திரும்புவதில்லை.

சரி, அலைச்சலுக்கு? 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டம், அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் நோயுற்ற குழந்தைகளுக்கு ஒரு வயது வரை பொருந்தும். மருந்தும் பரிசோதனையும் இலவசம். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும், அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கும், திரும்ப வீட்டுக்கும் வண்டியும் இலவசம்.

இந்தப் பரிசோதனையைப் பற்றிப் பெற்றோரிடம் சொல்ல வேண்டியது மருத்துவமனையின் கடமை. 1996இல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு இதைச் சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். குழந்தை பார்வையை இழந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்குச் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. தீர்ப்பு வர 19 வருடம்.

எனவே டிஸ்சார்ஜ் சீட்டு கையில் வாங்கும்போதே 'கண் பரிசோதனை என்றைக்கு, எங்கே?' என்று கேட்டு, தேதியை அதிலேயே எழுதி வாங்குங்கள். உங்கள் ஊரில் கண் டாக்டர் இல்லையென்றால் மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள, ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேளுங்கள். குழந்தையை எங்கே அனுப்புவது என்று பார்ப்பது அவர்கள் வேலை.