விளம்பரம் செய்யக் கூடாத வக்கீலை கூகுள் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வாங்கிய செக் பணமில்லாமல் திரும்பி 20 நாள் ஆகிவிட்டது. பெங்களூரு சிவாஜிநகர் கடைக்காரர் ஒருவர் போனை எடுத்து ‘செக் பவுன்ஸ் வக்கீல்’ என்று தட்டுகிறார். மேப்போடு 3 பெயர்கள் வந்து நிற்கின்றன. அதில் இடம்பிடிக்க வக்கீல் காசு கொடுத்து விளம்பரம் போட முடியாது. வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி 36 குறுக்கே நிற்கிறது. 2008-இல் வந்த திருத்தம் இணையதளத்தில் ஐந்து விவரங்களை மட்டும் அனுமதித்தது: பெயர், தொடர்பு முகவரி, பார் கவுன்சில் பதிவு விவரம், படிப்பு, எந்தத் துறை வழக்குகள் என்பது. வக்கீல்களைப் பட்டியலிடும் தளங்களில் சேர்ந்துகொள்ளலாமே என்றால், வக்கீல் சேவையை விற்கும் அத்தகைய தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

ஆனால் மேப் தேடலுக்கு முதலில் வேண்டியதும் பெரும்பாலும் அதே ஐந்துதான். கேட்டதற்குப் பொருந்துகிறதா, எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்ட பெயர் என்று மூன்றைத்தான் கூகுள் பார்க்கிறது. தூரம் என்பது தேடுபவரின் போன் இருக்கும் இடத்திலிருந்து. அதனால் ஒயிட்ஃபீல்டில் தட்டினால் வேறு மூவர் வருவார்கள். தன் ஆபீசில் உட்கார்ந்து தேடிப் பார்த்து ‘நான்தான் முதலில்’ என்று மகிழ்வதில் பொருளில்லை.

பெங்களூரில் கோளாறு முகவரியில்தான் தொடங்கும். அல்சூர், உல்சூர், ஹலசூரு எல்லாம் ஒரே ஊர். ஃபிரேசர் டவுனும் புலிகேசி நகரும் அப்படியே. போர்டில் ஒன்று, இணையதளத்தில் ஒன்று, மேப்பில் இன்னொன்று, கூடவே பழைய போன் நம்பர் என்று இருந்தால், இது ஒரே ஆபீசா இரண்டா என்று இயந்திரம் தடுமாறும். மேப்பில் உள்ள ஆபீஸ் பதிவு இரண்டாகப் பிரிந்து, வாடிக்கையாளர் எழுதிய கருத்துகளும் சிதறிப்போகும். ஒரே எழுத்துக்கூட்டலையும் பின்கோடையும் (அல்சூருக்கு 560008) எங்கும் மாறாமல் வையுங்கள். ஆபீஸ் மாறினால் புதிய பதிவு தொடங்க வேண்டாம்; பழையதையே திருத்துங்கள். பெயரோடு ‘பெஸ்ட் டிவோர்ஸ் லாயர்’ என்று ஒட்டினால் கூகுள் பதிவை முடக்கலாம். பார் கவுன்சில் நோட்டீசும் வரலாம்.

அடுத்தது, வக்கீல் தளங்களுக்கே உரிய ஒரு வியாதி. உள்ளே நுழைந்ததும் ‘இது விளம்பரமல்ல, ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பெட்டி திரையை மறைக்கும். தளத்தைப் படிக்க வரும் கூகுளின் நிரல் பொத்தானை அழுத்தாது. பக்கத்தின் எழுத்துகள் முன்பே இறங்கியிருந்து, பெட்டி மேலே மூடியிருந்தால் தொல்லை இல்லை. அழுத்திய பிறகுதான் எழுத்தே இறங்கும் என்று கட்டியிருந்தால், கூகுளைப் பொறுத்தவரை அது வெற்றுப் பக்கம். விசிட்டிங் கார்டைப் படமாக ஒட்டி வைப்பதும் வேண்டாம். நம்பரை எழுத்தாகவே தட்டுங்கள்.

பிறகு சொற்கள். சென்னையில் பட்டா என்று தேடுகிறவர் பெங்களூரு வந்தால் கத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) என்று தேடுவார். வில்லங்கச் சான்றிதழை யாரும் முழுசாகத் தட்டுவதில்லை, ‘ஈசி’ என்பார்கள். இரண்டு சொல்லும் பக்கத்தில் ஒருமுறையாவது இருக்கட்டும்.

சட்டத்தை விளக்கி எழுதுவதானால் நாள் கணக்கோடு எழுதுங்கள். வங்கியிடமிருந்து செக் திரும்பிய தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ். அது எதிராளி கையில் சேர்ந்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். செக் திரும்பியதைச் சொல்லும் வங்கி மெமோ அன்றே கைக்கு வந்திருந்தால், நோட்டீஸ் அனுப்ப அந்தக் கடைக்காரருக்கு இன்னும் 10 நாள் இருக்கிறது. அவர் தேடுவது இந்தக் கணக்கைத்தான். அதன் அடியில் ‘உடனே அழையுங்கள்’ என்று சிவப்புப் பொத்தான் வைத்தால் விளக்கம் ஆள்பிடிப்பாகிவிடும்.

எல்லாம் முடிந்ததும், தளம் வைத்திருப்பவர்களுக்காக கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, கூகுள் பார்த்த வடிவத்தைத் திறந்து பாருங்கள். அதில் உங்கள் போன் நம்பர் தென்படவில்லை என்றால், தளம் கட்டித் தந்தவரிடம் அந்த ஒப்புதல் பெட்டியைப் பற்றிக் கேளுங்கள்.